பல்லியிலிருந்து மழைத்தவளை வரை

ஊர்வனவற்றையும் தவளைகளையும் குழந்தைக்குக் காட்ட வேண்டுமென்றால் வண்டலூருக்கோ முதுமலைக்கோ கூட்டிப்போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு காம்பவுண்டுச் சுவர், ஒரு முருங்கை மரம், துவைகல், பழைய ஓடுகளை அடுக்கி வைத்த மூலை, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளம். இவை இருக்கிற வீட்டில் குழந்தைக்கு ஒரு வருடத்துக்குப் பார்க்க விஷயம் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பல்லியும் பூந்தொட்டி மண்ணும் கீழே வண்டி நிறுத்துகிற இடமும் உண்டு, அங்கேயே தொடங்கலாம்.

தொடங்குமுன் பயத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். நம் வீடுகளில் இந்த உயிர்களைப் பற்றிக் குழந்தை முதலில் கேள்விப்படுவது பயமுறுத்தும் கதைகளைத்தான். அரணை கடித்தால் மரணம். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, செத்தவன் எரிகிற புகை தெரிகிறதா என்று சுடுகாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவற்றில் ஒன்றும் உண்மையில்லை. அரணைக்கு நஞ்சு கிடையாது, கொம்பேறி மூக்கனுக்கும் கிடையாது. பச்சைப் பாம்புக்கு மிக லேசான நஞ்சுதான். அது பல்லியையும் ஓணானையும் பிடிக்க உதவுமே தவிர மனித உயிரை எடுக்காது. இந்தக் கதைகளையெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்த குழந்தைக்குக் கட்டுவிரியன் எப்படி இருக்கும், எந்த நேரத்தில் வரும் என்பது தெரியாது. இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அப்படி இருக்கும் நாட்டில் குழந்தைக்குப் பயமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டியதற்குப் பயப்படவும், மற்றதை நின்று பார்க்கவும் அது கற்றுக்கொள்ள வேண்டும். கொல்லைப்புறத்தைவிட அதற்கு நல்ல இடம் கிடையாது.

கிளம்புமுன்

ஒரே ஒரு விதியைக் குழந்தைக்கு மனப்பாடமாக்குங்கள்: கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. பொந்து, செங்கல் இடுக்கு, விறகுக் குவியல், கவிழ்ந்து கிடக்கும் வாளி, காய்ந்த தென்னை மட்டை எல்லாம் இதில் சேர்த்தி. பந்து போய் விழுந்தாலும் இதே விதிதான். கல்லையோ ஓட்டையோ புரட்டிப் பார்க்கும் வேலை பெரியவர்களுடையது. அதையும் கையால் செய்யாமல் மண்வெட்டியாலோ நீளமான கம்பாலோ செய்யுங்கள். உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்கினால் உள்ளே இருப்பது உங்கள் காலை நோக்கி வெளியே வரும். அதனால்தான் கல்லுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, திறப்பு ஆளில்லாத பக்கம் பார்க்கும்படி கம்பை நுழைத்து நெம்பச் சொல்கிறேன். குழந்தை ஆறடி தள்ளி உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். அதன் அடியில் உள்ள ஈரம் ஒரு குடும்பத்தையே காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

காலுக்கு மூடிய ஷூ வேண்டும். ரப்பர் செருப்பு போதாது. ராத்திரிக்கு ஆளுக்கொரு டார்ச். ஒரே டார்ச்சைப் பிள்ளைகளுக்குள் மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஒருவர் கால் எப்போதும் இருட்டில் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். பாட்டில், வலை, சுருக்கு எதுவும் வேண்டாம். உடும்பும் பாம்பும் ஆமையும் மட்டுமல்ல, நம் மண்ணுக்குரிய பல ஊர்வன 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்லலாம், அதற்குப் புரியும்.

டியூப்லைட்டுக்குக் கீழே

முதல் பாடம் பல்லி. எந்த வயதுக் குழந்தைக்கும், எந்த வீட்டிலும், மழையோ வெயிலோ. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு இரவு ஏழரை மணிக்கு மேல் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பிறகு விளக்குக்கு மிக அருகில் இருக்கும் இடம் ஒரே பல்லிக்குத்தான் சொந்தம் என்பதும், இன்னொன்று வந்தால் துரத்தப்படுவதும் தெரியவரும். பெரியது எது, வால் அறுந்து மறுபடி முளைத்தது எது என்று குழந்தையே அடையாளம் வைத்துக்கொள்ளும். முளைத்த வாலின் நிறமும் செதிலும் பழைய வாலோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும்.

"ஏம்மா அது கண்ணையே சிமிட்ட மாட்டேங்குது?" என்று கேட்கும் வரை நீங்களாக எதையும் சொல்லாதீர்கள். கேட்ட பிறகு சொல்லலாம்: அதற்கு மூடித் திறக்கும் இமை கிடையாது, கண்ணாடி போன்ற ஒரு செதில் கண்ணை மூடியிருக்கிறது, தூசி பட்டால் நாக்கை நீட்டி நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கப்புறம் அந்த நாக்கைப் பார்க்கும் வரை குழந்தை உள்ளே வராது.

பல்லியின் பாதத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் அது ஒட்டியிருக்கும்போது நாம் உள்ளே நின்று அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். விரல்களின் அடியில் குறுக்குக் குறுக்காக மடிப்புகள் தெரியும். அந்த மடிப்புகளில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்கள் உள்ளன. பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. மயிர் நுனிக்கும் கண்ணாடிக்கும் இடையே மூலக்கூறுகளின் ஈர்ப்புதான் அதைத் தாங்குகிறது. சில நாள் அதே கண்ணாடியில் வயிற்றுக்குள் இரண்டு வெள்ளை உருண்டைகள் தெரியும். முட்டைகள். மின்பெட்டிக்குப் பின்னாலோ காலண்டருக்குப் பின்னாலோ இடப்பட்டு, ஓடு கெட்டியாகிக் கிடப்பதைப் பின்னால் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

பல்லி விழுந்த சோறு நஞ்சாகிவிடும் என்கிறார்கள். பல்லியிடம் நஞ்சு இல்லை. ஆனால் அதன் எச்சத்திலும் உடம்பிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும், சால்மொனெல்லா அவற்றில் ஒன்று. சோற்றைக் கொட்டிவிடுவது சரிதான், காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். எந்த ஊர்வனவற்றையும் தவளையையும் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடவைக்கிற குடும்பங்கள், வீட்டுப் பல்லியைத் துடைப்பத்தால் அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வெயில் ஏறும் நேரம்

காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை ஓணானுக்கும் அரணைக்கும் உரிய நேரம். இரவின் குளிர் உடம்பிலிருந்து போக வெயில் காய வருவார்கள். அரணை படியோரத்திலும் செடி அடியிலும் வெண்கலம் போல மினுங்கிக்கொண்டு கிடக்கும். நிழல் பட்டதும் இலைச் சருகுக்குள் போய்விடும். அங்கேயே அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது கஷ்டம். உட்கார வைத்துவிடுங்கள்.

ஓணானைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் குழந்தைகள் கையால் மிக அதிகமாக வதைபட்ட உயிர் அதுதான். ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுக் கழுத்தில் மாட்டுவது, வாயில் மூக்குப்பொடியைத் திணித்துத் தலைசுற்ற வைப்பது, கல்லால் அடிப்பது எல்லாம் விளையாட்டாக நடந்தன. ராமன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்ற கதையைச் சொல்லி அதற்கு நியாயமும் கற்பித்தார்கள். அந்தக் கதையை உங்கள் குழந்தை எங்கிருந்தாவது கேட்டு வரும். அன்றைக்கே அதை ஒரு ஓணானின் எதிரே உட்கார வையுங்கள்.

கோடையிலிருந்து மழைக்காலம் தொடங்கும் வரை ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் தோளும் செக்கச்செவேலென்று ஆகும். வேலிக்கம்பின் உச்சியில் நின்று முன்னங்காலை மடக்கி மடக்கி எழும், தொண்டையை உப்பும். 'ரத்தம் உறிஞ்சுது' என்று பிள்ளைகள் ஓடுவது இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான். அது வேறோர் ஆணுக்கு விடும் எச்சரிக்கை, பெண்ணுக்கு விடும் அழைப்பு. எதிரியிடம் தோற்றாலோ மிரண்டாலோ அந்தச் சிவப்பு சில நிமிடங்களிலேயே மங்கிவிடும். எது எந்தக் கம்பத்தில் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வந்தால் உங்கள் கொல்லை எத்தனை ஆண் ஓணான்களுக்கிடையே பாகம் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெண் ஓணான் ஈர மண்ணில் குழி தோண்டி, பத்துப் பதினைந்து முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போகும். இதை நேரில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பார்த்துவிட்டால் அந்த இடத்தில் இரண்டு மாதம் யாரும் மிதிக்காதபடி நான்கு குச்சி நட்டு வையுங்கள்.

பகலில் கிட்டேயே விடாத ஓணானை ராத்திரியில் ஓரடி தூரத்திலிருந்து பார்க்கலாம். மெல்லிய கிளையின் நுனியிலோ கொடியிலோ கட்டிப்பிடித்துத் தூங்கும். பாம்போ பூனையோ கிளையில் ஏறினால் அந்த ஆட்டத்திலேயே விழித்துக்கொள்ளத்தான் நுனிக்கிளை. டார்ச் வெளிச்சத்தில் வெளிறிப்போய் எடுப்பாகத் தெரியும். வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் பக்கத்து இலையில் அடித்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

புதர்க்காடும் பனங்காடும் பக்கத்தில் உள்ளவர்களுக்குப் பச்சோந்தி கிடைக்கும். நிறம் மாறுகிற ஓணானைப் பார்த்துப் பச்சோந்தி என்பவர்கள் அதிகம். பச்சோந்தியின் இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும், விரல்கள் இடுக்கி மாதிரி இரண்டு கூறாகப் பிரிந்திருக்கும். ஒருமுறை பார்த்த குழந்தை பிறகு மாற்றிச் சொல்லாது.

பாம்பு

பாம்பைத் தேடிக் குழந்தையோடு போகாதீர்கள். தேடாமலே தென்படும், அதற்குத் தயாராக இருந்தால் போதும். பாம்பைப் பார்த்ததும் குழந்தை செய்ய வேண்டியது: நின்ற இடத்திலேயே நிற்பது, பெரியவரைக் கூப்பிடுவது, பின்பக்கமாக மெல்ல நகர்வது. இதைப் பொம்மைக் கயிற்றை வைத்துச் சில முறை பழக்கலாம். பத்தடி தள்ளி நிற்கும் மனிதனை எந்தப் பாம்பும் துரத்தி வந்து கடிப்பதில்லை.

தமிழ்நாட்டில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நான்கு வகைதான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கின் படத்தையும் அச்செடுத்துக் குழந்தை படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். நல்லபாம்பு படம் எடுக்காமல் போகும்போது எப்படி இருக்கும் என்ற படமும் அதில் இருக்கட்டும். கண்ணாடிவிரியனின் முதுகில் சங்கிலி போல மூன்று வரிசைப் புள்ளிகள் ஓடும், தடித்த உடம்பு, குக்கர் சீறுவது போன்ற நீண்ட சீற்றம். சுருட்டைவிரியன் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும் சிறிய பாம்பு. உடம்பை வளைத்து வளைத்துச் செதிலோடு செதிலை உரசிச் சத்தம் எழுப்பும். வறண்ட கல்லாங்காட்டு ஊர்களில் அதிகம்.

கட்டுவிரியனைப் பற்றிப் பெரியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. தலையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளித் தொடங்கி வால்வரை போகும். பகலில் மந்தமாகக் கிடக்கும், ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே இருக்கலாம். விடியற்காலையில் எழுந்த குழந்தை வயிறு வலிக்கிறது என்று சொல்லி, கண்ணிமையைத் தூக்க முடியாமல் திணறினால் அஜீரணம் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். தரையில் படுக்கும் வீடுகளில் கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுப்பது கொசுவுக்கு மட்டுமல்ல, கட்டுவிரியனுக்கும் தடை.

வீட்டுக்குள் பல்லி பிடிக்க வரும் வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். அதற்கு நஞ்சில்லை. பட்டைகள் கழுத்திலிருந்தே அகலமாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். இந்த வித்தியாசம் உங்களுக்காகவும் அந்தப் பாம்பின் உயிருக்காகவும்தான். குழந்தைக்குப் பட்டை போட்ட எல்லாப் பாம்பும் கட்டுவிரியனே. சாரைப் பாம்பு அப்படியல்ல, கொஞ்சம் பழகினால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடுகள், பட்டப்பகலில் விறுவிறுவென்று போகும் நீண்ட உடம்பு. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி நிற்பதைப் பார்த்துவிட்டுச் சாரையும் நல்லபாம்பும் சேர்கின்றன என்பார்கள். அவை இரண்டுமே சாரைகள், இரண்டுமே ஆண்கள், அது மல்யுத்தம்.

குழந்தை பயமின்றிக் கிட்டே குனிந்து பார்க்கக்கூடிய பாம்பு ஒன்று உண்டு, பெரும்பாலான வீடுகளில் அது மண்புழு என்று பெயர் வாங்கியிருக்கும். பூந்தொட்டியை மாற்றும்போதும், மழைநாளில் குளியலறைச் சாக்கடை வழியாகவும் வரும் புழுப்பாம்பு. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. மண்புழுவுக்கு உள்ள வளையங்கள் இல்லாமல் வழவழவென்று மின்னும். உற்றுப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி, இடையிடையே வெளியே வந்து போகும் நாக்கு. எறும்பு, கரையான்களின் முட்டையையும் புழுவையும் தின்று வாழ்கிறது. இதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், துணையில்லாமலே முட்டையிட்டுப் பெருகும். பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அதிசயத்தை எந்தக் காட்டில் காட்டப் போகிறீர்கள்? ஒரு தாளில் ஏற்றி ஈர மண்ணில் விட்டுவிடுங்கள்.

பாம்புச் சட்டை கிடைத்தால் அன்றைக்கு வேறு எதுவும் தேட வேண்டாம். சட்டை உள்புறம் வெளியே வரும்படி கழன்றிருக்கும், பாம்பின் உண்மையான நீளத்தைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கும். தலைப்பகுதி முழுதாக இருந்தால் கண்ணை மூடியிருந்த செதிலும் கண்ணாடிச் சில்லாகத் தெரியும்; பல்லிக்குச் சொன்ன அதே சங்கதி. முதுகுத்தண்டின் மேல் ஓடும் வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியனாக இருக்கலாம். கொம்பேறி மூக்கனுக்கும் நடுவரிசை சற்றுப் பெரிதுதான். படமெடுத்துக்கொண்டு, குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். சட்டை கிடந்த மூலையில் சில நாள் கவனமாக இருங்கள்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையை 101-இல் அழைக்கலாம், வனத்துறையையும் அழைக்கலாம். அதுவரை ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கத் தெரிந்தவர்களின் அறிவு எவ்வளவு பெரியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இந்த நான்கு பாம்புகளின் நஞ்சையும் எடுத்துத் தருகிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்குப் பெரும்பாலும் அதுதான் மூலப்பொருள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடித்துவிட்டால்: 108-ஐ அழையுங்கள். கொலுசு, மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, குழந்தையை நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை இழக்காதீர்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான், அது அரசு மருத்துவமனையில் இலவசம். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் அந்த மருந்து எப்போதும் இருப்பு வைக்கும் மருத்துவமனை எது என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

மழை ராத்திரி

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த ராத்திரிக்காகப் பள்ளிக்கூட விதிகளைக் கொஞ்சம் தளர்த்தலாம். அன்றைக்குப் பிள்ளைகள் பத்து மணிவரை விழித்திருக்கட்டும். வருடத்தில் மற்ற நாட்களில் காணாத உயிர்கள் அன்று மண்ணிலிருந்து எழுந்து வரும்.

வாசலில் நின்று கண்ணை மூடி, எத்தனை வகைக் குரல் என்று முதலில் எண்ணச் சொல்லுங்கள். ஒன்று கனமாக, தூரத்தில், குளத்துப் பக்கமிருந்து வரும்: பெரிய தவளை. மழையின் முதல் இரவுகளில் அதன் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாகி, தாடையின் இருபக்கமும் நீலப் பைகள் உப்பக் கத்தும். சில நாளில் அந்த மஞ்சள் போய்விடும். இந்தத் தவளைகளின் கால்களை அறுத்து வெளிநாட்டுக்கு டன் டன்னாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம். 1987-இல்தான் அது தடைசெய்யப்பட்டது. இன்னொரு குரல், சீப்பின் பற்களை நகத்தால் வருடினால் வருவது போல, காலடிப் புல்லிலிருந்தே கேட்கும். அவ்வளவு பெரிய சத்தம் போடுவது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய குறுவாய்த் தவளை. சத்தத்தைப் பிடித்து அதைத் தேடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு பேர் இரண்டு திசையில் நின்று, குரல் வரும் பக்கம் கையை நீட்ட வேண்டும். கைகள் சந்திக்கும் இடத்தில் டார்ச்சை அடித்தால் கிடைத்துவிடும். கிட்டே போனதும் நிறுத்திவிடும். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் மறுபடி தொடங்கும்.

தவளையின் கண் டார்ச் ஒளியில் மின்னும். அதைப் பார்க்க டார்ச்சை இடுப்பளவில் பிடிக்கக் கூடாது; நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒளி போகிற கோட்டிலேயே பார்க்க வேண்டும். புல்லில் நீலப்பச்சையாக, கடுகளவில் மின்னுபவை சிலந்திகளின் கண்கள். அதுவும் நல்ல கண்டுபிடிப்புதான்.

தெருவிளக்கடியில் உட்கார்ந்து ஈசல் தின்னும் சொறித்தவளையைத் தொட்டால் மரு வராது. ஆனால் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு. தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் எரியும், வாயில் கவ்விய நாய்க்கு நுரை தள்ளும். அது தினமும் ஒரே படிக்கட்டு மூலையிலிருந்து கிளம்பித் திரும்புவதைப் பிள்ளைகள் கண்காணிக்கலாம். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறத் தவளையைச் சில ஊர்களில் தேரை என்பார்கள். அது மரத்தவளை, விரல் நுனிகளில் வட்டத் தட்டுகள் இருக்கும். கையை நன்றாக நனைத்துக்கொண்டு தவளையைத் தொடலாம் என்று பல புத்தகங்களில் இருக்கும். என் கருத்தில் குழந்தைகள் தொடாமலிருப்பதே நல்லது. தவளையின் தோல் மூச்சும் விடும், நீரும் குடிக்கும். கொசு விரட்டிக் களிம்பு தடவிய கையில் இருக்கிற அத்தனையும் அதற்குள் போய்விடும்.

தொட்டி

குளத்திலிருந்து தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் அள்ளி வருவது வேண்டாம். கொல்லையில் ஓர் அகலமான சிமென்ட் தொட்டியையோ பழைய அண்டாவையோ பாதி புதைத்து, மழைநீர் நிரம்ப விட்டால் தவளைகள் தாமாக வந்து முட்டையிடும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். சொறித்தவளையின் முட்டைகள் நீண்ட வழவழப்பான சரமாக இருக்கும், அதன் தலைப்பிரட்டைகள் கன்னங்கறுப்பு. குறுவாய்த் தவளையினுடையவை கண்ணாடி போல உடம்புக்குள் தெரியும். தொட்டியின் சுவரில் தண்ணீருக்கு மேலே வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தால் சோப்பு நுரை என்று கழுவிவிடாதீர்கள். மரத்தவளை பின்னங்காலால் கடைந்து கட்டிய கூடு அது. உள்ளே முட்டைகள் பொரிந்து, சில நாளில் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும்.

முதலில் பின்னங்கால், பிறகுதான் முன்னங்கால். இதைக் குழந்தை பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தன் நோட்டில் தேதியோடு வரைந்திருக்க வேண்டும். முன்னங்கால் வெளிவந்த பிறகு வால் சுருங்கும். அந்த நாட்களில் அது எதுவும் சாப்பிடாது, வாலே உணவு. அப்போது ஏறி வரச் சாய்வாக ஒரு கல்லோ மரக்கட்டையோ இல்லாவிட்டால் இத்தனை நாள் நீந்தியது மூழ்கிச் செத்துவிடும்.

டெங்குக் காலத்தில் திறந்த தண்ணீர் வைப்பது பொறுப்பான வேலை. தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். வாரத்தில் இரண்டு முறை டீ வடிகட்டியால் கொசுப்புழுக்களை அரித்து மண்ணில் கொட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியா மீனை விட்டால் தலைப்பிரட்டைகளும் மிஞ்சாது. குட்டித் தவளைகள் வெளியேறியதும் தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்துவிடுங்கள், அடுத்த மழை வரை.

நோட்டில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். தேதி, நேரம், மழையா வெயிலா, எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தது, ஒரு படம். பெயர் தெரியாவிட்டால் அவர்களே ஒன்று வைக்கட்டும். போனில் எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் சரியான பெயரைச் சொல்வார்கள்.

கொல்லையை ஒரேயடியாகச் சிமென்ட் போட்டு மூடிவிட்டால் இதில் எதுவும் நடக்காது. நடைபாதையும் வாசலும் விளையாடும் இடமும் சருகில்லாமல் சுத்தமாக இருக்கட்டும், பாம்பு வந்தால் தெரியும். வீட்டுச் சுவரை ஒட்டி விறகையும் ஓட்டையும் அடுக்காதீர்கள். அவற்றைக் கோடிமூலைக்கு மாற்றி, அங்கே சருகையும் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த மூலை பிள்ளைகள் தூரத்திலிருந்து மட்டும் பார்க்க வேண்டியது. எலி வராதபடி சோறும் தானியமும் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் எலியைத் தேடி வரும் பாம்பும் குறையும். பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். தரைமட்டத்தில் உள்ள சம்ப்புக்கு மூடி போடுங்கள். மூடி போட முடியாத கிணறோ தொட்டியோ இருந்தால் தண்ணீரிலிருந்து விளிம்புவரை சொரசொரப்பான ஒரு பலகையைச் சாய்த்துக் கட்டுங்கள், விழுந்த தவளையும் அரணையும் ஏறி வந்துவிடும்.